கீரை தின்னாத மீன்

என் மருமகளின் மீனை நான் பட்டினி போட்டேன். இதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன். போகப் போக எனக்கு வேறு வார்த்தைகள் கிடைத்துவிடும். வேலை பார்த்த காலமெல்லாம் பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்தியவனுக்கு வார்த்தைக்குப் பஞ்சம் வராது. என் கஷ்டமே அதுதான்.

செஞ்சியில் திண்டிவனம் சாலையை ஒட்டிய தெருவில் எங்கள் வீடு. நாங்கள் தமிழ்ச் சமணர். ஊரில் நயினார் என்பார்கள். இருட்டிய பிறகு சாப்பிடுவதில்லை. பூண்டு, கிழங்கு சேர்ப்பதில்லை. புலாலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். என் மகன் சென்னையில் கூடப் படித்த கடலூர்ப் பெண்ணைக் கட்டிக்கொள்வேன் என்று வந்து நின்றபோது நான் போட்ட ஒரே நிபந்தனை, வீட்டுக்குள் புலால் சமைக்கக் கூடாது, தின்னக் கூடாது என்பது. அந்தப் பெண் உடனே தலையாட்டினாள். கொடுத்த வாக்கை அவள் ஒருநாளும் மீறியதில்லை. மகன் இப்போது மஸ்கட்டில் வேலை பார்க்கிறான். அவள் எங்களோடு இருந்துகொண்டு, மாடி அறையில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வேலை செய்கிறாள்.

"மாமா, வீட்ல மீன் வளக்கலாமா?" என்று ஒருநாள் கேட்டாள்.

"உயிர வளக்கறதுக்கு இன்னாம்மா தடை?" என்று பெருமையாகச் சொன்னேன். என்ன மீன், அது என்ன தின்னும் என்றெல்லாம் கேட்கத் தோன்றவில்லை.

சென்னைக் கொளத்தூர் மீன்தொட்டிக் கடையிலிருந்து ஒரு வேனில் கண்ணாடித் தொட்டி வந்தது. மாடித் தளம் பாரம் தாங்காது என்று கீழே கூடத்தில்தான் வைத்தோம். உப்பு மூட்டை, கல், பம்பு, விளக்கு எல்லாம் வந்து இறங்கின. தெருவே வந்து பார்த்தது. எதிர்வீட்டு ஆட்டோக்காரர் விரலை விட்டு நக்கிப் பார்த்துவிட்டு, "இன்னா சார், மெரினாவத் தூக்கினு வந்துட்டீங்க. அப்டியே சுண்டலும் போடுங்க" என்றார். கோடையில் கோட்டை மலைப் பாறைகள் வாங்கிய வெயிலை இரவெல்லாம் கக்கும். தொட்டித் தண்ணீர் சூடாகிவிடும் என்று அவள் ஒரு மேசை விசிறியைத் தொட்டிக்கு வைத்தாள். எங்களுக்கு ஒன்று, மீனுக்கு ஒன்று என்று வீட்டில் விசிறிகள் ஓடின.

தொட்டியில் மூன்று கடல் மீன்கள். இரண்டு கோமாளி மீன்கள். எதைப் போட்டாலும் பாய்ந்து தின்னும், கல்யாணப் பந்தியில் முதல் வரிசைக்கு முண்டுகிறவர்களைப் போல. மூன்றாவதுதான் பட்டாம்பூச்சி மீன். உள்ளங்கை அகலத்தில் வெள்ளை உடம்பு, அதில் ஆரஞ்சுப் பட்டைகள், வாலை ஒட்டிக் கண்ணைப் போல ஒரு கரும்பொட்டு, ஊசிபோல நீண்ட வாய். நாளெல்லாம் அந்த வாயைக் கல் இடுக்குகளில் விட்டு எதையாவது தேடிக்கொண்டே இருக்கும். அதற்கு உலர்ந்த தீனி ஆகாது. உறைய வைத்த பொடி இறாலைச் சின்னச் சின்னச் சிவப்புக் கட்டிகளாக விற்கிறார்கள். தன் அறையிலேயே ஒரு குட்டி ஃபிரிட்ஜ் வாங்கி வைத்து, அதில்தான் அவள் அந்தக் கட்டிகளை வைத்திருந்தாள். எங்கள் சமையலறைப் பக்கம் அது வந்ததேயில்லை.

போன கோடையில் கடலூரில் அவளுடைய அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டார். பார்த்துக்கொள்ள அவளை விட்டால் ஆளில்லை. பையை எடுத்து வைத்துக்கொண்டே எனக்கு விளக்கினாள். கட்டியைத் தொட்டித் தண்ணீரில் கரைய விட வேண்டும். பம்பை நிறுத்திவிட்டு, ஊசியில்லாத சிரிஞ்சில் உறிஞ்சி, பட்டாம்பூச்சி மீனின் வாய்க்கு நேராக மெல்ல விட வேண்டும். காலையிலும் மாலையிலும்.

"கையால தொட வேணாம் மாமா. ஸ்பூன்லயே எடுத்துக்கலாம். உங்களுக்குச் சங்கடமா இருந்தா சொல்லிருங்க, கொளத்தூர் கடையிலயே கொஞ்ச நாளைக்கு வெச்சுக்கச் சொல்றேன்."

"நான் பாத்துக்கறேன். நீ கெளம்பு. அம்மாவப் பாரு" என்றேன்.

அவள் கேட்ட இடத்திலேயே நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சங்கடம்தான் அம்மா என்று சொல்லியிருந்தால் மீன் அன்றைக்கே சென்னைக்குப் போயிருக்கும். சொல்லாததற்குக் காரணம், என் மனதில் வேறொரு திட்டம் இருந்தது.

மறுநாள் காலை மாடிக்குப் போய்க் குட்டி ஃபிரிட்ஜைத் திறந்தேன். ஒரு கட்டியை ஸ்பூனால் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். கட்டி முழுக்கக் கடுகைவிடச் சிறிய கறுப்புப் புள்ளிகள். எல்லாம் கண்கள். திரும்ப உள்ளே வைத்து மூடிவிட்டேன். குரங்கு வரும் என்று சன்னல்களைச் சாத்தி, ஆளில்லாத அறைக்குக் கரண்ட் எதற்கு என்று வழக்கம்போல மாடி மெயின் சுவிட்சையும் அணைத்துவிட்டுக் கீழே வந்தேன். வேண்டுமென்று அணைக்கவில்லை என்றுதான் இன்றுவரை நினைக்கிறேன். அதற்குமேல் என்னால் உறுதி சொல்ல முடியாது.

என் திட்டம் இதுதான். கோயில் குளத்து மீன்களுக்குப் பொரி போட்டு வளர்ந்தவன் நான். படியில் நின்று ஒரு கை வீசினால் குளமே திரண்டு வந்து வாயைப் பிளக்கும். நான் கிட்ட நின்று பார்த்த மீன்கள் அவை மட்டும்தான். பொரி தின்கிற சாதிதானே மீன், இறாலைக் கொடுத்துப் பழக்கியது கடைக்காரன் செய்த வேலை, மெல்லக் கீரைக்குத் திருப்பிவிடலாம் என்று நம்பினேன். அவள் திரும்பி வரும்போது, "பாரும்மா, இனிமே உனக்கு அந்தக் கட்டியே வேணாம்" என்று சொல்லிக் காட்ட வேண்டும். அந்த ஆசையில் கருணையைவிடக் கர்வம்தான் அதிகம்.

முதலில் பொரி. பிறகு பசலைக்கீரையை வதக்காமல் வெந்நீரில் முக்கி நறுக்கியது. அவித்த பட்டாணி, தோல் உரித்து. வெள்ளரித் துண்டு. கோமாளி மீன்கள் எல்லாவற்றையும் ஒரு கை பார்த்தன. பட்டாம்பூச்சி மீன் ஒவ்வொரு முறையும் அருகில் வரும். ஒரு கண்ணால் பார்க்கும், உடம்பைத் திருப்பி மறு கண்ணால் பார்க்கும். வாயைக்கூடத் திறக்காமல் போய்விடும்.

என் மனைவி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பார்த்தாள். "இன்னாங்க இது? சம்பந்தி வந்தப்பக்கூட இத்தினி தினுசு செஞ்சதில்ல."

"பொறு. பசி வந்தா திங்கும்."

"அதான் மூஞ்சத் திருப்பிக்கினு போவுதே. உங்க சமையலு புடிக்கல போல."

"நீ வந்து செய்யேன்."

"எனக்கு வேற வேல இல்ல? உங்களுக்கு ஆக்கிப் போடறதே போதும்."

சாயங்காலத்தில் மருமகள் ஃபோன் செய்தாள். அம்மாவுக்குச் சர்க்கரை குறைந்தால்தான் ஆபரேஷன் செய்வார்களாம். நாள் தள்ளிப்போகிறது என்றாள். பிறகு கேட்டாள்.

"மீன் சாப்டுதா மாமா?"

"சாப்டுதும்மா" என்றேன்.

மீன் என்பது ஒன்றுக்கும் பலவற்றுக்கும் பொதுவான சொல். பால்பகா அஃறிணைப் பெயர் என்று எத்தனையோ பிள்ளைகளுக்கு நடத்தியிருக்கிறேன். ஒன்றா பலவா என்பதை வினைமுற்றுதான் காட்டும்: மீன் தின்றது, மீன் தின்றன. ஆனால் அது எழுத்தில். பேச்சில் ஒன்று சாப்பிட்டாலும் சாப்டுது, ஒன்பது சாப்பிட்டாலும் சாப்டுது. கோமாளி மீன்கள் இரண்டும் வயிறு முட்டச் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தன. ஆகவே நான் சொன்னது பொய்யில்லை. பொய் பேசாமை எங்கள் விரதங்களில் ஒன்று. அது பங்கமாகாமல், அந்தப் பெண்ணையும் கவலைப்படுத்தாமல் ஒரு சொல் அகப்பட்டது என்று அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன். அதன் பிறகு எத்தனை முறை கேட்டாளோ, அத்தனை முறையும் அதே சொல்லைத்தான் கொடுத்தேன்.

மீன் இளைக்க ஆரம்பித்தது. இளைப்பது முதலில் எனக்குத் தெரியவில்லை. அந்த மீன் தட்டையானது. பக்கவாட்டில் பார்த்தால் அதே உள்ளங்கை, அதே பட்டைகள். அது கண்ணாடிக்கு நேராக என்னை நோக்கி வந்தபோதுதான் தெரிந்தது. கண்களுக்குப் பின்னால், முதுகுத் துடுப்புக்குக் கீழே, இருபுறமும் சதை உள்வாங்கியிருந்தது. வயிறு ஒட்டிப்போயிருந்தது. ஒரு கத்தியை விளிம்போடு நிறுத்தியதுபோல இருந்தது.

"நோன்பிருக்குது" என்று மனைவியிடம் சொன்னேன். எங்கள் ஊர்த் திருநாதர்குன்றுப் பாறையில், உணவை விட்டு உயிர்நீத்த ஒரு துறவியைப் பற்றிய கல்வெட்டு இருக்கிறது. மாணவர்களை அங்கே கூட்டிப்போய் எழுத்துக்கூட்டிப் படித்துக் காட்டியிருக்கிறேன். அந்த நினைப்பில் வேடிக்கையாகச் சொன்னதுதான். அவள் சிரிக்கவில்லை.

"நோம்புன்னா அதுவா எடுத்துக்கணும். நீங்க அடுப்ப அணச்சிட்டு நோம்பிருக்குதுன்றீங்க" என்றாள்.

"அப்ப அந்தக் கட்டிய நீ போடறியா?"

"நானா பாத்துக்கறேன்னு சொன்னேன்? சொன்னவரு நீங்க. வாத்தியாரு."

இதற்கிடையில் மருமகள் ஒரு படம் கேட்டாள். "வயிறு ஒட்டியிருந்தா தெரியும் மாமா, ஒரு போட்டோ மட்டும் அனுப்புங்க." நான் நாற்காலியை இழுத்துப் போட்டுக் காத்திருந்து, மீன் பக்கவாட்டில் திரும்பியபோது எடுத்தேன். நேராக வந்தபோதெல்லாம் கையைத் தாழ்த்திக்கொண்டேன். நல்ல படம். பட்டைகள் பளிச்சென்று விழுந்திருந்தன.

"சூப்பரா இருக்குது மாமா. நீங்க இருக்கறதால நான் இங்க நிம்மதியா இருக்கேன். தேங்க்ஸ் மாமா."

சொல்லுக்கு இலக்கணத்தில் ஒளிய ஓர் இடம் கிடைத்தது. படத்துக்கு அப்படி எதுவும் கிடையாது. அது வடிகட்டிய பொய். அதை அனுப்பும்போதே எனக்குத் தெரியும்.

அப்போதும் நான் மாடிக்குப் போகவில்லை. இன்னொரு நாள் பார்ப்போம், இன்னொரு கீரை பார்ப்போம் என்று தள்ளினேன். என்னைப் போக வைத்தது மீன்தான். மற்ற நேரத்தில் ஒரு மூலையில் அசையாமல் நிற்க ஆரம்பித்திருந்தது. ஆனால் நான் கூடத்துக்குள் வந்தால் மட்டும் கிளம்பிக் கண்ணாடிக்கு வந்துவிடும். நான் நடந்தால் கூடவே நீந்தும். சோறு போடுகிறவன் நான் என்று அதற்குத் தெரிந்திருந்தது. ஒன்றும் போடாத கையையும் நம்பிக்கொண்டு வந்தது. ஒரு காலையில் அப்படி வந்து, நீரோட்டத்தை எதிர்க்க முடியாமல் பின்னால் தள்ளப்பட்டு, திரும்பவும் வந்தது. நான் எழுந்து மாடிக்குப் போனேன்.

கதவைத் திறந்ததும் நாற்றம். ஃபிரிட்ஜுக்கு அடியிலிருந்து சிவப்புத் தண்ணீர் ஒழுகித் தரையில் காய்ந்திருந்தது. மெயின் சுவிட்சைப் பார்த்தேன். அணைத்த என் விரலும் நினைவுக்கு வந்தது. அன்று முழங்காலிட்டு அந்தத் தரையைத் துடைத்தேன். மீனுக்கு இனி வீட்டில் ஒரு வாய்த் தீனி இல்லை.

கோமாளி மீன்களின் உலர்தீனி டப்பாவைச் சிரிஞ்சில் கரைத்து விட்டால் தின்னுமோ என்று கையில் எடுத்தேன். சேர்மானம் என்ன என்று முதன்முறையாகப் படித்துப் பார்த்தேன். முதலில் இருந்தது மீன்தூள். பார்வைக்கு எள்ளைப் போல இருந்ததால், நாளும் அதைக் கூசாமல் கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தேன். எனக்குச் சங்கடம் புலாலில் இல்லை, கண்ணில் என்று அப்போது புரிந்தது. கரைத்து விட்டதையும் பட்டாம்பூச்சி மீன் தொடவில்லை.

கடைத்தெருவில் கடல் மீன் விற்பவர் என் பழைய மாணவர். நான் போய் நின்றதும் தராசை அப்படியே விட்டுவிட்டார்.

"சார்! வழி தப்பி வந்துட்டீங்களா?"

மீன் வாங்க நின்ற அம்மாள், "நயினாரு மீன் வாங்க வந்தா மழ கொட்டப் போவுது" என்றார்.

"கொட்டட்டும்மா. ஏரி காஞ்சு கெடக்குது. இன்னா சார் வேணும்?"

"எனக்கில்லப்பா. வீட்ல ஒரு மீன் இருக்குது. அதுக்கு இறாலு."

"மீனுக்கா! எங்களுக்குத் திருக்குறள்ல கொல்லாமை அதிகாரம் நடத்துனீங்களே சார். ஒப்பிக்கலன்னு முட்டி போட வெச்சீங்க."

"இன்னும் ஞாபகம் இருக்குதா?"

"முட்டி ஞாபகம் இருக்குது சார். பாட்டு போயிருச்சு."

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். அவர் இறாலை உரித்துப் பொடியாக நறுக்கிக் கொடுத்தார். வீட்டில் ஸ்பூனால் எடுத்துப் போட்டேன். மீன் வந்து ஒரு துணுக்கை வாயில் வைத்து, உடனே துப்பிவிட்டது. மறுபடி போட்டேன். அருகிலேயே வரவில்லை. கோமாளிகள் தின்றன.

இனி மறைக்க வழியில்லை. மருமகளுக்கு ஃபோன் செய்தேன். மருத்துவமனை வராண்டாவில் இருந்தாள். சக்கர நாற்காலி ஓசை கேட்டது.

"ஏம்மா, அந்த மீன் சாப்டல" என்றேன்.

"எந்த மீன் மாமா?"

"பட்டாம்பூச்சி மீன். நீ போனதிலேர்ந்து சாப்டல. நான் கீரையும் பட்டாணியும் போட்டேன். சாப்டுதுன்னு சொன்னது மத்த ரெண்ட. கட்டியெல்லாம் கெட்டுப்போச்சு. மாடி மெயின நான்தான் அணச்சிட்டேன்."

அழுதாளா என்று தெரியவில்லை. பிறகு, "எதிர்ல நின்னு ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க மாமா" என்றாள். அனுப்பினேன். திரும்ப அழைத்தாள். குரல் மாறியிருந்தது, என்மேல் கோபப்படக்கூட நேரமில்லாத குரல்.

"செத்த இறால இப்ப அது தொடாது. உயிரோட மட்டிச் சிப்பி வேணும். ஓட்டப் பாதி தொறந்து கல்லு மேல வெக்கணும். மட்டின்னா அது எப்பேர்ப்பட்ட நெலமைலயும் வந்து கொத்தும். நாளைக்கு அம்மாவுக்கு ஆபரேஷன். முடிஞ்சதும் நான் வந்துர்றேன். நீங்க அதெல்லாம் செய்ய வேணாம் மாமா."

"வராத. அம்மாகூட இரு" என்றேன்.

மீன்கடை மாணவரைக் கேட்டேன். "மட்டிய இங்க எவன் சார் துன்றான்? மரக்காணத்துலேர்ந்து வரவழைக்கணும். ஆனா நாளைக்கு அமாவாச. எவனும் கவிச்சி வாங்க மாட்டான், லோடே வராது. நாளன்னிக்குச் சொல்லட்டுமா?"

நாளன்றைக்கு வரை அது தாங்குமா என்று தெரியவில்லை. விடியலில் பால் வாங்கும் தூக்கை எடுத்துக்கொண்டு நானே கிளம்பினேன். திண்டிவனம் போய் மரக்காணம் பஸ் பிடித்தேன். கழிவெளி உப்பேரியில் முழங்கால் தண்ணீரில் குனிந்து தடவிக்கொண்டிருந்த பெண்களிடம் கேட்டு, தூக்கு நிறைய மட்டியும் அதே உப்புத் தண்ணீரும் வாங்கினேன். திரும்பும்போது திண்டிவனத்தில், அமாவாசைக்கு மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போகிற கூட்டம். செஞ்சி வழியாகப் போகும் பஸ் எல்லாம் பிதுங்கி வழிந்தன. எலுமிச்சம்பழப் பையும் மஞ்சள் சேலையுமாக நின்ற ஒரு பெண், தூக்கைப் பார்த்து இடம் விட்டு, "இன்னா தாத்தா, சாமிக்குப் பாலா?" என்றாள்.

"இல்லம்மா. மட்டி."

"ஐயையே. விரத நாளும் அதுவுமா!" என்று சேலையைச் சுருட்டிக்கொண்டு நகர்ந்தாள். பஸ் குலுங்கும்போதெல்லாம் தூக்குக்குள் ஓடுகள் உரசின.

மட்டியைக் கடைக்கே கொண்டுபோய், "நீ தொறந்து குடுப்பா" என்று மாணவரிடம் நீட்டியிருக்கலாம். கடை லீவானாலும் அவர் வீட்டில்தான் இருந்தார். ஆனால் எங்கள் நெறியில் செய்தல், செய்வித்தல், செய்ததற்கு உடன்படல் மூன்றுக்கும் ஒரே வினைதான். தன் கையில் ரத்தம் படாமல் அடுத்தவன் கையை நீட்டுவது என்பது, சாப்டுது என்ற சொல்லுக்குப் பின்னால் போய் நின்றுகொண்ட அதே வேலை. அதை ஒருமுறை செய்து பார்த்தாயிற்று.

கொல்லைப்புறத் துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்தேன். கருவிப் பெட்டியிலிருந்து ஒரு திருப்புளி. மட்டி கையில் எடுத்ததும் தன்னை இறுக்கி மூடிக்கொண்டது. மூடிக்கொள்கிறது என்றால் பயப்படுகிறது என்றுதானே பொருள். நுனியை இணைப்பில் வைத்து அழுத்தினேன். வழுக்கிக் கட்டைவிரலைக் கிழித்தது. மறுபடி அழுத்தினேன். உள்ளே ஏதோ ஒன்று பிடித்துக்கொண்டிருந்தது. அது விட்ட கணம் விரலில் தெரிந்தது. கொஞ்சம் கடல்நீர் கையில் வழிந்தது. நான் எந்த மந்திரமும் சொல்லவில்லை. சொல்வது ஒருவகை ஏமாற்று என்று பட்டது.

பம்பை நிறுத்திவிட்டு மட்டியைக் கல்லின் மேல் வைத்தேன். கோமாளிகள் பாய்ந்தன. மரக்கரண்டியால் அவற்றை ஒதுக்கிப் பிடித்தேன். பட்டாம்பூச்சி மீன் மூலையிலேயே நின்றது. பிறகு சாய்ந்தாற்போல வந்தது. ஒரு கண்ணால் பார்த்தது. மறு கண்ணால் பார்த்தது. ஊசி வாயை நீட்டி ஒரு கொத்து. பின்வாங்கியது. துப்புமோ என்று பார்த்தேன். துப்பவில்லை. இன்னொரு கொத்து.

பின்னாலிருந்து என் மனைவி கேட்டாள். "துன்னுதா?"

"துன்னுது."

"எது?"

"அதுதான். அந்த மீன்தான்."

அவள் கிட்டே வந்து குனிந்து பார்த்தாள். "அடப் பாவமே, இன்னாமா பசி இருந்திருக்கும் அதுக்கு" என்றாள். பிறகு என் கட்டைவிரலைப் பார்த்துவிட்டு, "தலைக்குக் குளிச்சிட்டு உள்ள வாங்க. துணி கட்டி வுடறேன்" என்றாள். சூரியன் இறங்குவதற்குள் எனக்குச் சோறு போட்டாள். பாதியில் கை கழுவிவிட்டேன்.

அந்த மட்டிகளை ஒவ்வொன்றாக நானே திறந்தேன். எல்லாம் தீர்வதற்குள் மருமகள் வந்துவிட்டாள். வெளியூரிலிருந்து அவளுடைய சித்தி வந்து அம்மாவைப் பார்த்துக்கொள்கிறாராம். பையைக் கீழே வைக்காமலே தொட்டிக்கு நேராகப் போய் நின்றாள். மீன் அவளை நோக்கி வந்தது. அவள் எதிரில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் திட்டு வாங்கத் தயாராக நின்றேன். "காலைல எவ்ளோ சாப்டுச்சு மாமா?" என்று மட்டும் கேட்டாள்.

அன்றிலிருந்து அவள் பாடுபட்டாள். பாட்டில்களில் உப்புநீர் விட்டுக் காற்றுக்குழாய் சொருகி, கண்ணுக்குத் தெரியாத ஏதோ முட்டைகளைப் பொரிக்க வைத்து, உயிருள்ள பொடித் தீனி கொடுத்தாள். புதுக் கட்டிகள் வந்தன. மீன் எல்லாவற்றையும் தின்றது. காலையில் தின்றது, மதியம் தின்றது, மாலையில் தின்றது. ஆனால் தேறவில்லை. கண்ணுக்குப் பின்னாலிருந்த பள்ளம் அப்படியே இருந்தது. ரொம்ப நாள் பட்டினி கிடந்த மீனுக்கு உள்ளே ஈரல் சுருங்கிவிடும், பிறகு எவ்வளவு கொடுத்தாலும் உடம்பில் ஒட்டாது என்று யாரோ அவளுக்கு ஃபோனில் சொன்னார்கள். அவள் அதை என்னிடம் சொல்லவில்லை. ஸ்பீக்கரில் இருந்ததால் நானும் கேட்டேன்.

ஒரு காலையில் அது பம்பின் வாயில் பக்கவாட்டாக ஒட்டிக் கிடந்தது. பட்டைகள் வெளுத்திருந்தன. அவள் அதை வலையில் எடுத்து, ஒரு பழைய கைக்குட்டையில் வைத்து, கொல்லையில் முருங்கை மரத்தடியில் புதைத்தாள். நான் குழி தோண்டினேன்.

அன்று மாலை என் மகன் வீடியோவில் வந்தான். நான் கூடத்துக்குப் பக்கத்து அறையில் இருந்தேன்.

"நைனா எப்டி சமாளிச்சாரு? அவருக்குப் புலாலுன்னாலே ஆவாதே" என்று அவன் கேட்டது காதில் விழுந்தது.

"மாமா நல்லாத்தாங்க பாத்துக்கிட்டாரு" என்றாள் அவள். "அது வாங்கும்போதே வீக்கா இருந்த மீனு. அந்த வகையே அப்டித்தான், நெறைய பேர் வீட்ல நிக்காது. பாவம், மாமா மரக்காணம் வரைக்கும் போயி மட்டி வாங்கியாந்தாரு தெரியுமா?"

"நைனாவா! மட்டியா!" என்று அவன் வியந்தான். அவன் குரலில் பெருமை இருந்தது.

நான் நாற்காலியிலிருந்து எழவில்லை. எழுந்து போய் அந்தத் திரைக்கு முன்னால் நின்று உள்ளதைச் சொல்ல நாலு எட்டு போதும். போகவில்லை. அவள் எனக்காகச் சொன்ன பொய்யை ஒரு போர்வையைப் போல இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மட்டிகளைக் கொன்றதற்கு நான் வருந்துகிறேன். ஆனால் அந்தப் பாவத்தை என் கண் பார்த்தது, கை செய்தது, விரலில் தழும்பு இருக்கிறது. அந்த மாலை நான் எழாமல் இருந்ததற்கு அப்படி எதுவும் இல்லை. மகன் இன்றும் அதையே நம்புகிறான். மஸ்கட்டில் நண்பர்களிடமெல்லாம் என் மட்டிக் கதையைச் சொல்லிச் சிரிக்கிறானாம். அதனால்தான் இதை எழுதினேன். எழுதியதை முதலில் அவனுக்குத்தான் அனுப்பப்போகிறேன்.

தொட்டி இன்னும் கூடத்தில் இருக்கிறது. போன வாரம் மருமகள் கேட்டாள், "மாமா, இன்னொரு மீன் வாங்கட்டுமா? பயப்படாதீங்க, இந்த வாட்டி பாசி திங்கற மீனா பாத்து வாங்கறேன். உங்களுக்குச் சங்கடம் இருக்காது."

"வேணாம்மா. பட்டாம்பூச்சி மீனே வாங்கு" என்றேன்.

அவள் கண்ணாடியில் படிந்த பச்சையைத் தகடால் சுரண்டிக்கொண்டிருந்தாள். கை ஒரு கணம் நின்றது. என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. "பாக்கலாம் மாமா" என்று சொல்லிவிட்டு மறுபடி சுரண்ட ஆரம்பித்தாள்.